டெல்லிக் குளிர்காலத்தில் மகனின் மூச்சோடு நான் பட்ட பாடு

சென்ற வாரம் எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், மன்னார்குடிப் பக்கம், நாலு வயதுப் பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சுவாக்கில், “காலையில் ஐந்தரைக்கே இவனைப் பூங்காவுக்குக் கூட்டிப் போய்விடுகிறேன் அக்கா, வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் காற்று சுத்தமாக இருக்கும் இல்லையா” என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2024-ல் இதே அக்டோபரில் நானும் அப்படித்தான் நினைத்து, அப்படித்தான் செய்தேன். அதற்கு என் ஆறு வயது மகன் கொடுத்த விலை என்ன என்பதை அவளுக்கு ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவுமே என்று தோன்றியது. எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

நான் டெல்லியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சொந்த ஊர் தஞ்சாவூர். கணவருக்கு 2024 ஜூலையில் விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. பையனின் பள்ளி, என் வேலை இரண்டையும் நடுவில் விட முடியாது என்று நானும் மகனும் டெல்லி மயூர் விஹாரிலேயே தங்கிவிட்டோம். முந்தைய குளிர்காலங்களில் அவனுக்குச் சளி, இருமல் வந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே என்று கஷாயத்திலும் இருமல் மருந்திலும் கழிந்தது. அக்டோபர் நடுவில் இரவு மட்டும் இருமல் தொடங்கியது. சளி பிடித்த பிள்ளைக்குக் காலைக் காற்று நல்லது என்பது எங்கள் ஊர் வழக்கம். விடிவதற்கு முன்னால் ஆற்றங்கரைக்குப் போய் வளர்ந்த உடம்பு என்னுடையது. ஆகவே தினமும் ஆறு மணிக்கு அவனைக் கையைப் பிடித்துப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ஓடச் சொன்னேன். ஓடினால் நெஞ்சு திறக்கும் என்றேன்.

அந்த நேரத்தில் டெல்லியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் ஆறிப்போகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதற்கு மேல் சற்றே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதைப் போல உட்கார்ந்துகொள்கிறது. பகலில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து கலையும் புகை, இரவில் சில நூறு மீட்டருக்குள் அடைபட்டுவிடும். இரவெல்லாம் ஓடிய லாரிகளின் புகையும், காவலாளிகள் குளிருக்கு மூட்டிய தீயும், குப்பை எரித்த புகையும் வெளியேற வழியின்றி விடியும்வரை சேர்ந்துகொண்டே போகும். வெயில் ஏறித் தரை சூடாகி மூடி கிளம்பப் பத்து, பதினொரு மணி ஆகிவிடும். கடற்காற்று வந்து துடைத்துவிட்டுப் போக இது சென்னையும் இல்லை. குளிர்காலத்தில் இங்கே பெரும்பாலும் பகல் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரைதான் காற்று சற்றுத் தேவலாம். நான் என் பிள்ளையை ஓடவிட்ட நேரம், ஒரு நாளின் மிக மோசமான நேரங்களில் ஒன்று.

அக்டோபர் 31 தீபாவளி. நாங்கள் வெடி வாங்கவில்லை, பால்கனியில் விளக்கு வைத்ததோடு சரி. சுற்றிலும் நள்ளிரவு தாண்டியும் வெடித்தார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மகன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். படுக்க மாட்டேன் என்றான். அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே குழிந்து குழிந்து வந்தது. “அம்மா, தண்ணீர்” என்று சொல்வதற்கு இரண்டு முறை மூச்சு வாங்கினான். மாமியார் ஊரில், கணவர் வேறு ஊரில். பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடி ஆட்டோ பிடித்தேன். பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் மருந்தை ஆவிபோல ஆக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசர் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, பகல் பன்னிரண்டு மணிக்கு அனுப்பினார்கள். ரூபாய் 7,600. மருத்துவக் காப்பீடு இருந்தும் அந்தப் பணம் திரும்ப வரவில்லை. 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் என் பாலிசியில் செல்லும் என்றார்கள். உங்கள் பாலிசியில் அவசரப் பிரிவுச் செலவு சேருமா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: விலா குழிவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாரிப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் ஆவி பிடித்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நான் அன்று முதலில் இருபது நிமிடம் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருபது நிமிடம் இன்றும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் பயத்தில் செய்த காரியம், கடைக்குப் போய் 4,800 ரூபாய்க்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கியது. விற்பனையாளர் “அயனி வெளியிடும், மலைக்காற்று மாதிரி இருக்கும்” என்றார். உண்மையில் அது ஓடும் அறைக்குள் நுழைந்ததும் ஒரு கூர்மையான வாசனை வந்தது. ஒரு வேதியியல் ஆசிரியைக்கு அந்த வாசனை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்: ஓசோன். மேல் வானத்தில் இருந்தால் காக்கும், மூக்குக்கு அருகில் இருந்தால் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். இளைப்பு உள்ள பிள்ளையின் அறையில் வைக்கக் கூடாத பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அவன் தலைமாட்டில் வைத்தேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவியாகப் பாருங்கள். அயனி வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். அட்டையில் சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் இருக்கும், ஒரு மணியில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பதற்கான கணக்கு அது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். ஒரு மணிக்கு ஐந்து முறையாவது அந்தக் காற்றை வடிகட்ட வேண்டும் என்றால் 170 வேண்டும். அந்த எண் கருவி முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. சத்தம் தாங்காமல் இரவில் வேகத்தைக் குறைத்தால் பாதியாகிவிடலாம். ஆகவே கணக்குக்கு மேலேயே வாங்குங்கள். நான் இரண்டாவதாக வாங்கியது 14,500 ரூபாய். முதலிலேயே அதை வாங்கியிருக்கலாம்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. ஜன்னல் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்து, கதவைச் சாத்தி, அறையைப் பெட்டிபோல ஆக்கிவிட்டு, அதற்குள் கொசுவர்த்திச் சுருள் ஏற்றினேன். டெல்லியில் நவம்பரிலும் கொசு இருக்கும், டெங்கு பயம் வேறு. மாலையில் சாமி விளக்கோடு ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. பக்கத்துச் சமையலறையில் கடுகு தாளித்து, வற்றல் வறுத்தது எல்லாம் அதே காற்றில். ஏன் பிள்ளைக்குக் குறையவே இல்லை என்று குழம்பி, காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் ஒரு சிறு கருவியை 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். கொசுவர்த்தி ஏற்றிய அரை மணியில் அதன் எண் 140-லிருந்து 600-ஐத் தாண்டியது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே இருந்த நஞ்சைவிட அதிகமாக நானே உள்ளே உண்டாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், சுமார் நூறு சிகரெட்டின் அளவு என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அன்றிலிருந்து கொசுவலைதான். இன்னொரு விஷயம், எந்நேரமும் அடைத்தே வைத்தாலும் மூச்சுக்காற்று தேங்கித் தலை கனக்கும். பகல் இரண்டு, மூன்று மணிக்கு இருபது நிமிடம் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும்.

எண்களைப் படிக்கத் தெரியாமலும் ஏமாந்தேன். நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீடு 0 முதல் 500 வரை ஆறு படிகள் கொண்டது. 400-ஐத் தாண்டினால் ‘கடுமை’. செய்தியில் வரும் எண் 24 மணி நேரச் சராசரி. காலை ஏழு மணிக்குக் காற்று திடீரென்று கெட்டால் அந்த எண் உடனே காட்டாது; மறுபடி நன்றாகிவிட்டாலும் உடனே இறங்காது. 500-க்கு மேல் எவ்வளவு கெட்டாலும் 500-தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பட்பட்கஞ்ச் ஒருபுறம், ஆனந்த் விஹார் இன்னொருபுறம். பஸ் நிலையமும் ரயில் நிலையமும் நெடுஞ்சாலையும் சேர்ந்த ஆனந்த் விஹார் பெரும்பாலும் மிக மோசமாகவே இருக்கும். பி.எம். 2.5 என்று போட்டிருப்பதுதான் நமக்கு முக்கியம்: 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும் துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியும் சளியும் இதைத் தடுக்காது. நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகும், மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். ஒரு நாளுக்கு ஒரு கன மீட்டரில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்; நம் நாட்டு வரம்பு 60.

2024 நவம்பர் 18, திங்கள்கிழமை. டெல்லியின் குறியீடு 494. சிறு வகுப்புகளை அதற்குள் இணைய வழிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு மட்டும் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. மகனைப் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். எதிர்க் கட்டடம் தெரியவில்லை. சூரியன் வெள்ளைத் தாளில் ஒட்டிய பொட்டுபோல, கண்ணைக் கூசாமல் பார்க்கும்படி இருந்தது. பதினோரு மணிக்கு மாமியிடமிருந்து போன். இந்த முறை மூன்று நாள் மருத்துவமனை. காப்பீடு போக 8,400 ரூபாய் கையிலிருந்து போனது; அது போகட்டும். முகத்தில் மாஸ்க் வைத்துப் படுத்திருந்தவன், “அம்மா, நான் ஓடாமல்தானே இருந்தேன், அப்புறம் ஏன் வந்தது” என்று கேட்டான். ஆறு வயதுப் பிள்ளை, தான் ஏதோ தப்புச் செய்ததால் மூச்சு நின்றது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த மூன்று இரவும் தூங்காமல், கைபேசியில் கண்டதையெல்லாம் படித்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டுதோறும் மேல்நிலை மாணவர்களுக்கு நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. அம்மோனியா வெளிவரும் சோதனைக் குழாயின் வாயருகே, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் கம்பியைக் கொண்டுபோனால், ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று கெட்டியான வெண்புகை கிளம்பும். இரண்டு வாயுக்கள் சேர்ந்து அம்மோனியம் குளோரைடு என்ற திண்மத் துகளாகிவிடும். மாணவர்கள் கைதட்டுவார்கள். ஜன்னலுக்கு வெளியே இரவெல்லாம் நடப்பதும் இதுதான். டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் குளோரைடு மிக அதிகம் என்றும், பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பதும் சில தொழிற்சாலைகளும் விடும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி அம்மோனியாவோடு சேர்வதே காரணம் என்றும் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் துகளும் அப்படி ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகிறது. எதிர்க் கட்டடத்தை மறைப்பது அதுதான்.

அதாவது, டெல்லி நுண்துகளில் ஒரு பெரும் பங்கு எந்தப் புகைபோக்கியிலிருந்தும் துகளாக வெளிவருவதே இல்லை. நிலக்கரி மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே கந்தக அமிலமாகிறது, வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகின்றன. கங்கைச் சமவெளியின் வயல்களில் கொட்டும் யூரியாவிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழும் அம்மோனியா இரண்டோடும் சேர்ந்து உப்பாக்குகிறது. அம்மோனியம் நைட்ரேட் குளிரில் துகளாக நிற்கும், வெயிலில் மீண்டும் வாயுவாகப் பிரியும். முன்னும் பின்னும் நடக்கும் மீள்வினைக்கு நான் கரும்பலகையில் போடும் இரட்டை அம்புக்குறி அப்படியே இது. குளிர்கால இரவு ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு மூடி மட்டுமே காரணம் இல்லை என்று அப்போது விளங்கியது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை, மூக்குக்கு நெடி வரவில்லை என்று நம்பி வெளியே போகாதீர்கள். கண்ணும் மூக்கும் இதற்கு உதவாது. கடிகாரத்தையும் கருவியையும் நம்புங்கள். குறைந்த விலைக் கருவிகள் பனிமூட்டத்தில் ஈரத் துகளையும் சேர்த்து எண்ணிக் கூட்டிக் காட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாப் பழியையும் பஞ்சாப் விவசாயி மேல் போடுவதை நானும் செய்துகொண்டிருந்தேன். விவசாயி வீட்டுப் பெண்ணாக இருந்தும். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் அங்கே சட்டம் கொண்டுவந்து நெல் நடவை ஜூனுக்குத் தள்ளினார்கள். அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரமே மிச்சம். இயந்திரம் அறுத்துவிட்டுப் போன நெல்தாளை அதற்குள் அகற்ற, கையில் காசில்லாதவனுக்குத் தீப்பெட்டிதான் கைகொடுக்கிறது. அந்தப் புகை அந்தச் சில வாரங்களில் கடுமையாகச் சேர்கிறது என்பது உண்மை. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் வயலில் தீ இல்லை, டெல்லியில் மூச்சு இருந்ததா?

வெயில் ஏன் மங்கலாக இருக்கிறது என்று மகன் கேட்டதற்கும் இங்கேதான் விடை. கந்தக அமிலம் உப்பாகி உண்டாகும் சல்பேட் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. கரித்துகள் வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்குகிறது. தரைக்கு வெயில் குறைய, காலையில் அந்த மூடி கிளம்புவதும் தாமதமாகிறது. மாசே மாசுக்குக் காவல் நிற்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி வி. ராமநாதன் பங்கேற்று வழிநடத்திய 1999 இந்தியப் பெருங்கடல் ஆய்வுதான் தெற்காசியாவின் மேல் பரவிக் கிடந்த பழுப்பு மூட்டத்தை உலகுக்குக் காட்டியது. பசுங்குடில் வாயுக்கள் ஏற்றும் வெப்பத்தில் ஒரு பகுதியை இந்தத் துகள்கள் மறைத்துவைத்திருக்கின்றன, சுத்தம் செய்தால் வெப்பம் வெளிப்பட்டுவிடும் என்று ஒரு பேச்சும் உண்டு. அறிவியல் சரிதான். ஆனால் 2019-ல் மட்டும் காற்று மாசால் இந்தியாவில் சுமார் 16.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழின் ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளைகளின் நுரையீரலைக் குடையாகப் பிடித்து யாரும் பூமியைக் குளிர்விக்க வேண்டாம். கரித்துகளைக் குறைத்தால் மூச்சுக்கும் நல்லது, வெப்பத்துக்கும் நல்லது, அதிலிருந்து தொடங்கலாமே.

மருத்துவமனையில் இன்னொன்றும் தெரிந்தது. மகனுக்கு இருந்தது வெறும் சளி இல்லை, ஆஸ்துமா. அந்தச் சொல்லைக் கேட்கப் பயந்தே இரண்டு ஆண்டு இருமல் மருந்தில் ஓட்டியிருக்கிறேன். இன்ஹேலர் பழகிவிடும் என்று உறவினர்கள் சொன்னதை நம்பியதும் என் தவறு. உடனே மூச்சை விடுவிக்கும் இன்ஹேலர் வேறு, தினமும் இழுத்து வீக்கத்தைத் தணித்து வைக்கும் இன்ஹேலர் வேறு என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் நடுவிலேயே, காற்று கெடுவதற்கு முன், இரண்டாவதைத் தொடங்கச் சொன்னார். உங்கள் பிள்ளைக்கு எது, எப்போது என்பதை உங்கள் மருத்துவரிடம் கோடையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு, இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் குழாயோடுதான் கொடுக்க வேண்டும். என்-95 முகக்கவசம் நல்லதுதான், ஆனால் பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குக் கட்டினால் கன்னத்து இடைவெளி வழியே எல்லாம் உள்ளே போகும். அவன் மூச்சு விடும்போது கண்ணருகே காற்று வருகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். வந்தால் அது பயனில்லை. அவனுக்குச் சரியாகப் பொருந்தியது எனக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே காலையிலும் இரவிலும் வெளியே அழைத்துப் போவதையே நிறுத்தினேன்.

நவம்பர் கடைசியில் அவனை விமானத்தில் ஊருக்கு அழைத்துப் போனேன். கடைசி நேர டிக்கெட், இரண்டு பேருக்கும் 19,600. வீட்டு நெபுலைசர் 2,300. சம்பளமில்லா விடுப்பு பதினொரு நாள், ஏறக்குறைய 22,000. எல்லாம் கூட்டினால் 82,400 ரூபாய். முன்பே தெரிந்திருந்தால் நல்ல கருவி ஒன்றும், ஒரு மருத்துவர் ஆலோசனையும், முன்கூட்டி எடுத்த டிக்கெட்டுமாக அதில் பாதிக்கும் குறைவாக முடிந்திருக்கும். அவனை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்து, அந்தக் காலியான அறையில் வடிகட்டியைக் கழற்றினேன். வாங்கும்போது பால் வெள்ளையாக இருந்தது. மூன்றே வாரத்தில் அடுப்படிச் சுவரின் நிறம் ஆகியிருந்தது. அதை எறிய மனமில்லாமல் ஒரு பையில் போட்டு வைத்து, பிறகு வகுப்புக்குக் கொண்டுபோனேன். இப்போது கண்ணாடிக் கம்பிச் சோதனை செய்யும் நாளில் அதையும் மேசையில் வைக்கிறேன். யாரும் கைதட்டுவதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மகன் தேறியிருந்தான், சைக்கிள் மிதிக்கிறான். போகியன்று விடிகாலை எங்கள் தெருவில் பழம்பாயோடு சேர்த்து எரிக்க ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் இரவு உடையோடு ஓடிப்போய் எதிர் வீட்டுப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “பாயை எரியுங்கள், டயர் மட்டும் வேண்டாம், என் பிள்ளை உள்ளே தூங்குகிறான்” என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டு டயரைத் திண்ணையோரமாகச் சாய்த்து வைக்கச் சொன்னார். மறுநாள் மத்தியானம் அதன் மேல் உட்கார்ந்துதான் என் மகன் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான்.